ஹவுஸ் இசை டிஜே: பயிற்சியும் இடைவெளிக்குப் பின் திரும்புதலும்

ஹவுஸ் இசை டிஜே என்பவர், ஹவுஸ் வகை நடன இசைப் பதிவுகளைத் தாளம் பிசகாமல் ஒன்றோடொன்று இணைத்து, ஆடுவோருக்காக மணிக்கணக்கில் இடைவிடாது ஒலிக்கச் செய்பவர் ஆவார். அவர் பாடுவதில்லை, பெரும்பாலும் எந்த வாத்தியத்தையும் வாசிப்பதும் இல்லை. எந்தப் பாடலை, எந்த நேரத்தில், எதற்குப் பின் ஒலிக்கவிடுவது என்பதில்தான் அவருடைய கலை இருக்கிறது.

இக்கலையை இளமையில் கற்றுக்கொண்டு, பின்னர் வேலை, குடும்பம், நோய் போன்ற காரணங்களால் விட்டுவிட்டுப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப விரும்புவோர் பலர் உண்டு. டிஜே ஆவதற்கு என்ன கற்க வேண்டும், இடைவெளியில் அதில் எது மறந்துபோகிறது, எது நிலைத்து நிற்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஹவுஸ் இசையின் பிறப்பு

ஹவுஸ் இசை 1980களின் முற்பகுதியில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உருவானது. அந்நகரின் தெற்கு ஜெஃபர்சன் தெருவில் 206ஆம் எண் கட்டடத்தில் 1977இல் ராபர்ட் வில்லியம்ஸ் ஒரு நடன மன்றத்தைத் தொடங்கினார். அதன் பெயர் 'தி வேர்ஹவுஸ்'. கிடங்கு என்பது அதன் பொருள். இப்பெயரின் பிற்பாதியே இசை வகைக்கும் பெயராயிற்று என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அங்கே ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள். அவர்களில் தன்பாலீர்ப்பாளர்கள் மிகுதி. வெளியே பல இடங்களில் வரவேற்புக் கிடைக்காத அவர்கள் அச்சமின்றிக் கூடுவதற்கு அந்த மன்றம் ஓர் இடம் தந்தது.

அங்கே இசை வழங்க நியூயார்க்கிலிருந்து அழைத்து வரப்பட்டவர் ஃபிரான்கி நக்கிள்ஸ் (1955–2014). 'ஹவுஸ் இசையின் ஞானத்தந்தை' என்று அவரைச் சொல்வது வழக்கம். 1970களின் இறுதியில் டிஸ்கோ இசைக்கு அமெரிக்காவில் எதிர்ப்பு மூண்டது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன்பின் பெரிய நிறுவனங்கள் வெளியிடும் புதிய நடன இசை குறைந்துபோனது. கையில் இருந்த பாடல்களை வைத்தே இரவு முழுவதையும் ஓட்ட வேண்டிய நிலை நக்கிள்ஸுக்கு. அவர் ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, பாடலில் தாளம் வலுவாக உள்ள பகுதியை நீட்டினார். பின்னர் டெட்ராய்ட் நகர இசைக்கலைஞர் டெரிக் மேயிடமிருந்து ரோலண்ட் டிஆர்-909 என்ற தாள இயந்திரத்தை வாங்கி, பழைய பாடல்களுக்கு அடியில் புதிய தாளத்தை ஓடவிட்டார்.

1984இல் வெளிவந்த ஜெஸ்ஸி சாண்டர்ஸின் 'ஆன் அண்ட் ஆன்' முதல் ஹவுஸ் இசைத்தட்டாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. 1987 ஜனவரியில் ஸ்டீவ் 'சில்க்' ஹர்லியின் 'ஜாக் யுவர் பாடி' பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒரு கிடங்கில் தொடங்கிய இசை பத்து ஆண்டுகளில் கடல் கடந்துவிட்டது.

இசையின் அமைப்பு

ஹவுஸ் இசையைத் தாளத்தைக் கொண்டே அடையாளம் காணலாம். ஒரு சுற்றுக்கு நான்கு அடிகள். நான்கு அடியிலும் 'கிக்' எனப்படும் கனத்த முரசொலி விழும். இரண்டாவது, நான்காவது அடிகளில் கைதட்டல் போன்ற ஒலி சேரும். அடிகளுக்கு நடுவே 'ஹை-ஹாட்' தாளத்தகடு ஒலிக்கும். வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 120 முதல் 130 அடிகள். இந்த வேக அளவை 'பிபிஎம்' என்று குறிப்பிடுவர்.

பல ஹவுஸ் பதிவுகள் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளத்தையே அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று ஓடவிடும். வீட்டில் அமர்ந்து கேட்பவருக்கு இது சலிப்பூட்டலாம். டிஜேக்கோ அதுதான் கைப்பிடி. ஒரு பதிவின் வால் பகுதியையும் அடுத்ததன் தலைப் பகுதியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவதற்காகவே அவ்வாறு அமைக்கிறார்கள்.

கருவிகள்

அடிப்படைத் தேவை மூன்று: இசையை ஓட்டும் கருவிகள் இரண்டு, அவற்றின் ஒலியைக் கலக்கும் மிக்ஸர் ஒன்று, ஒரு ஹெட்ஃபோன். ஒரு கருவியின் ஒலி அரங்கில் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அடுத்த பாடலை ஹெட்ஃபோன் வழியே தான் மட்டும் கேட்டு ஆயத்தம் செய்வது டிஜேயின் வேலைமுறை.

வினைல் இசைத்தட்டுக் காலத்தில் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற டர்ன்டேபிள் உலகெங்கும் அளவுகோலாக விளங்கியது. 1972இல் அறிமுகமான அதன் 1979ஆம் ஆண்டு வடிவத்தில், வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் உதவும் நகர்த்தி பக்கவாட்டில் இருந்தது. 2001இல் பயனியர் நிறுவனத்தின் சிடிஜே-1000 வந்தபின் குறுந்தகட்டையும் இசைத்தட்டைப் போலவே கையால் தள்ளி, இழுத்து இயக்க முடிந்தது. 2009இல் வந்த சிடிஜே-2000, யுஎஸ்பி குச்சியில் உள்ள பாடல்களை ஓட்டியது. இன்று மடிக்கணினியுடன் இணையும் 'கன்ட்ரோலர்' என்ற ஒரே பலகை தொடக்கநிலை மாணவருக்குப் போதுமானது.

எஸ்எல்-1200 தயாரிப்பு 2010இல் நிறுத்தப்பட்டு 2016இல் மீண்டும் தொடங்கியது. இடைவெளிக்குப் பின் திரும்பி வந்தவர்கள் வரிசையில் இந்தக் கருவியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தாளம் பொருத்துதல்

இரண்டு பாடல்களின் வேகத்தைச் சமமாக்கி, அவற்றின் கிக் ஒலிகள் ஒரே கணத்தில் விழச் செய்வதே தாளம் பொருத்துதல். இதில் இரு வேலைகள் உள்ளன. முதலாவது வேகத்தைச் சமமாக்குதல். இரண்டாவது, சமமான வேகத்தில் ஓடும் இரண்டையும் அடிக்கு அடி நேர்ப்படுத்துதல்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். அரங்கில் ஒலிக்கும் பாடல் 120 பிபிஎம். அடுத்த பாடல் 125. இரண்டாவதை 120க்குக் கொண்டுவர 125இல் 5ஐக் குறைக்க வேண்டும். அது 4 விழுக்காடு. மாறாக, 120ஐ 125 ஆக்க வேண்டுமானால் 4.17 விழுக்காடு கூட்ட வேண்டும். எதன் மீது விழுக்காடு கணக்கிடுகிறோம் என்பதை மறக்கும் மாணவர், கணக்குத் தாளில் சறுக்குவது போலவே இங்கும் சறுக்குவார்.

சிறு பிழை என்ன செய்யும்? ஒரு பாடல் 120, மற்றது 120.5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தின் முடிவில் இரண்டும் அரை அடி விலகிவிடும். ஒன்றின் கிக், மற்றதன் இரு கிக்குகளுக்கு நட்டநடுவே விழும். அந்த நிலை வருவதற்கு வெகு முன்பே, குதிரைக் குளம்பொலி போன்ற இரட்டைச் சத்தம் காதில் பட்டுவிடும். தேர்ந்த டிஜே அதை முதல் சில அடிகளிலேயே கேட்டு, தட்டை விரலால் மெல்லத் தொட்டுச் சரிசெய்துவிடுவார்.

வேகத்தைக் கூட்டினால் சுருதியும் உயரும். ஏறத்தாழ 6 விழுக்காடு மாற்றம் அரைச் சுர வேறுபாட்டுக்குச் சமம். வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் காக்கும் 'கீ லாக்' வசதி இன்றைய கருவிகளில் உண்டு. பாடல்களின் வேகத்தைத் தானே சமமாக்கித் தரும் 'சிங்க்' பொத்தானும் உண்டு. அதைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. ஆயினும் கணினி பாடலின் அடியைத் தவறாகக் கணித்துவிட்டால், அதைக் கண்டுபிடித்துத் திருத்தப் பழகிய காது வேண்டும். வாய்பாடு தெரிந்தவர் கால்குலேட்டரைப் பயன்படுத்துவதற்கும், தெரியாதவர் பயன்படுத்துவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

எண்ணிக்கையும் ஒலிப் பகிர்வும்

தாளம் பொருந்தினால் மட்டும் போதாது. நான்கு அடி ஒரு சுற்று. எட்டுச் சுற்று, அதாவது 32 அடி, பெரும்பாலும் ஒரு பகுதி. 120 பிபிஎம் வேகத்தில் இது சரியாக 16 விநாடி. ஹவுஸ் பதிவுகளில் புதிய வாத்தியம் நுழைவதும், குரல் தொடங்குவதும், தாளம் விலகுவதும் பெரும்பாலும் இத்தகைய பகுதிகளின் எல்லையில்தான் நிகழும். ஒரு பாடலின் பகுதி தொடங்கும் இடத்தில் மற்றதன் பகுதியும் தொடங்குமாறு இணைத்தால், இரண்டும் ஒரே பாடலைப் போல ஒலிக்கும். ஓர் அடி முன்பின்னாக இணைத்தால், தாளம் பொருந்தியிருந்தும் ஆடுவோரின் கால் தடுமாறும்.

அடுத்து வருவது ஒலிப் பகிர்வு. மிக்ஸரில் தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் 'ஈக்யூ' திருகிகள் உள்ளன. இரண்டு பாடல்களின் கிக்கும் பேஸும் ஒரே நேரத்தில் முழு வலிமையுடன் ஒலித்தால் அரங்கில் வெறும் உறுமல்தான் கேட்கும். எனவே வரும் பாடலின் தாழ்ந்த ஒலியைக் குறைத்து வைத்து, பகுதியின் எல்லையில் பழையதன் தாழ்ந்த ஒலியை இறக்கிப் புதியதை ஏற்ற வேண்டும்.

பாடல் தேர்வு

இதுவரை சொன்னவற்றை முயற்சியுள்ள மாணவர் சில மாதங்களில் கற்றுவிடலாம். பாடல் தேர்வு அப்படிப்பட்டதல்ல. அரங்கு திறந்த முதல் மணி நேரத்தில் உச்சவேகப் பாடல்களைக் கொட்டித் தீர்ப்பது புதியவர்கள் செய்யும் பொதுவான பிழை. அப்போது வந்திருப்பவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களை மெல்ல மெல்ல ஆட்டத்துக்கு அழைத்து வந்து, அடுத்து வரும் டிஜேயிடம் நல்ல நிலையில் ஒப்படைப்பதே தொடக்க நேர டிஜேயின் கடமை.

இதற்குத் தன் தொகுப்பில் உள்ள ஒவ்வொரு பாடலையும் முழுமையாக அறிந்திருக்க வேண்டும். 2,000 பாடல்களைப் பெயரளவில் வைத்திருப்பவரைவிட, குரல் எங்கே வரும், தாளம் எங்கே விலகும் என்று 100 பாடல்களை மனத்தில் பதித்தவரே அரங்கில் நிமிர்ந்து நிற்பார்.

இடைவெளி: இரு வாழ்க்கைகள்

ஓய்வு எடுப்பது தோல்வி என்று இளைஞர்கள் எண்ணுவதுண்டு. சிகாகோ ஹவுஸ் இசையின் இரு முன்னோடிகளின் வாழ்க்கை இதைப் பற்றிச் சிந்திக்க வைக்கிறது.

முதலாமவர் ஃபிரான்கி நக்கிள்ஸ். 1998இல், சிறந்த ரீமிக்ஸ் கலைஞருக்கான கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவர். வேர்ஹவுஸ் இருந்த தெருப் பகுதிக்கு 2004இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. 2000களில் பனிச்சறுக்கின்போது அவருடைய பாதத்தில் எலும்பு முறிந்தது, பின்னர் எலும்பில் தொற்று ஏற்பட்டது, நீரிழிவும் சேர்ந்துகொண்டது. சிகிச்சைக்காக நீண்ட ஓய்வெடுக்காமல் அவர் நிகழ்ச்சிகளைத் தொடர்ந்தார். 2008இல் அந்தப் பாதத்தை அகற்ற நேர்ந்தது. அதன் பின்னரும் மேடைக்குத் திரும்பி, 2014 மார்ச் 31 அன்று 59 வயதில் மறையும் வரை டிஜே பணியை அவர் விடவில்லை. அவருடைய உறுதி போற்றத்தக்கது. அதற்கு அவர் கொடுத்த விலையையும் சேர்த்தே நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாமவர் லாரி ஹெர்ட். இசைக்குழுக்களில் முரசு வாசித்தவர். 'மிஸ்டர் ஃபிங்கர்ஸ்' என்ற பெயரில் 1986இல் 'கேன் யூ ஃபீல் இட்' என்ற புகழ்பெற்ற பதிவை வெளியிட்டவர். பின்னாளில் மெம்ஃபிஸ் நகருக்குக் குடிபெயர்ந்து கணினி நிரலாக்கத் துறையிலும் பணிபுரிந்தார். 2010களின் தொடக்கத்தில் தம் செவியைக் காக்க வேண்டி டிஜே பணியிலிருந்து விலகினார். 2016இல் மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற அதே பெயருடன் புதிய பதிவை வெளியிட்டு, தம் இசையைத் தாமே இசைக்கும் நேரடி நிகழ்ச்சிகள் வழியே மேடைக்கு வந்தார். 2018இல் முழுத் தொகுப்பு ஒன்றும் வெளியாயிற்று. போன வழியாகவே திரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

எது மறக்கிறது, எது நிற்கிறது

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வை ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் அறிவார்கள். கற்றது முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மறக்கிறது என்ற பகுதியே பெரிதும் பேசப்படுகிறது. அதே ஆய்வில் மற்றோர் உண்மையும் உண்டு: முழுவதும் மறந்ததாகத் தோன்றும் ஒன்றைத் திரும்பக் கற்க, முதல்முறை ஆன நேரத்தைவிடக் குறைந்த நேரமே ஆகிறது. இடைவெளிக்குப் பின் திரும்புபவருக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை.

எல்லாத் திறன்களும் ஒரே அளவில் மறப்பதில்லை. மிதிவண்டி ஓட்டுதல் போன்ற தொடர் இயக்கத் திறன்கள் நெடுங்காலம் நிற்கும். 'முதலில் இது, பிறகு அது' என்று வரிசையாகச் செய்யும் படிமுறைகள் விரைவில் மறக்கும். இதை டிஜே பணிக்குப் பொருத்திப் பார்க்கலாம். தாள விலகலைக் காதால் உணர்ந்து தட்டை மெல்லத் தள்ளுவது முதல் வகை. எந்தப் பொத்தானுக்குப் பின் எந்தப் பொத்தான், பாடல்களை எப்படி யுஎஸ்பியில் ஒழுங்குபடுத்துவது என்பவை இரண்டாம் வகை. பத்தாண்டு கழித்து வருபவர் இரண்டாம் வகையில் திணறிவிட்டு, 'எல்லாம் போய்விட்டது' என்று முடிவுகட்டிவிடுகிறார். உண்மையில் போனது எளிதில் மீட்கக்கூடிய பகுதி. அரிய பகுதி உள்ளே இருக்கிறது.

உண்மையான இழப்பு வேறொன்று: இடைப்பட்ட ஆண்டுகளில் வந்த இசையை அவர் கேட்டிருக்கமாட்டார். இதற்குக் குறுக்குவழி கிடையாது. உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும்.

திரும்பி வருபவருக்கு ஆறு வாரத் திட்டம்

நாள்தோறும் 30 நிமிடம் போதும். வாரத்தில் ஒரு நாள் நான்கு மணி நேரம் செய்வதைவிடப் பிரித்துச் செய்யும் பயிற்சியே மனத்தில் தங்கும்.

முதல் வாரம்: கருவியைத் தொட வேண்டாம். பாடல்களைக் கேட்டு, 32 அடி எண்ணி, பகுதிகளின் எல்லையைக் குறித்துக்கொள்ளவும்.

இரண்டாம் வாரம்: நன்கு தெரிந்த, ஒரே வேகமுள்ள இரு பழைய பாடல்களை மட்டும் திரும்பத் திரும்ப இணைக்கவும். கருவி புதிதானால் பாடல் பழையதாக இருக்கட்டும். இரண்டும் ஒருசேரப் புதிதாக இருந்தால் பிழை எங்கே என்று தெரியாது.

மூன்றாம் வாரம்: வெவ்வேறு வேகமுள்ள பாடல்கள். சிங்க் பொத்தானை அணைத்து, திரையில் உள்ள எண்ணையும் மறைத்துவிட்டுக் காதால் பொருத்தவும்.

நான்காம் வாரம்: பகுதி எல்லையில் இணைத்தல், தாழ்ந்த ஒலியை மாற்றிக்கொடுத்தல்.

ஐந்தாம் வாரம்: ஒரு மணி நேரம் நிறுத்தாமல் இசைத்துப் பதிவு செய்யவும். அன்றே கேட்க வேண்டாம். மறுநாள் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்து கேட்டால், பிழைகள் நினைத்ததைவிடக் குறைவாகவும் வேறு இடங்களிலும் இருப்பது தெரியும்.

ஆறாம் வாரம்: நண்பர் நால்வர் முன் இசைக்கவும். பாதிப் பாடல்களாவது இடைவெளிக் காலத்தில் வந்தவையாக இருக்கட்டும்.

திரும்பி வருபவர் மனம் சோர்வதற்கு ஒரு காரணம் உண்டு. இன்றைய தம் முயற்சியை அன்றைய தம் மிகச் சிறந்த இரவோடு ஒப்பிடுகிறார். அந்த ஓர் இரவுக்கு முன் தடுமாறிய நூறு இரவுகள் நினைவில் இருப்பதில்லை. ஒப்பிட வேண்டியது சென்ற வாரப் பதிவோடுதான்.

செவிப் பாதுகாப்பு

இளமையில் பொருட்படுத்தாத ஒன்றைத் திரும்பி வருபவர் பொருட்படுத்தியே ஆக வேண்டும். அமெரிக்கத் தேசியப் பணிப் பாதுகாப்பு, உடல்நல நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் இந்த நேரம் பாதியாகும். 88இல் 4 மணி நேரம், 94இல் 1 மணி நேரம், 100இல் வெறும் 15 நிமிடம். நடன அரங்கில் 100 டெசிபல் அரிதன்று. டிஜேயோ அங்கே பல மணி நேரம் நிற்கிறார். உலக சுகாதார அமைப்பும் 2022இல் வெளியிட்ட வரையறையில், இசை அரங்குகளின் ஒலி 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று கூறியுள்ளது.

எனவே காதடைப்பான் அணிதல், ஹெட்ஃபோன் ஒலியைக் குறைத்து வைத்தல், இடையிடையே அமைதியான இடத்தில் சற்று ஓய்ந்திருத்தல் ஆகியவை டிஜேயின் கருவிகளோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டிய பழக்கங்கள். நிகழ்ச்சிக்குப் பின் காதில் இரைச்சல் நீடித்தால் செவி மருத்துவரைப் பார்க்க வேண்டும். உள்காதின் உணர்மயிர் செல்கள் அழிந்தால் மனிதர்களுக்கு மீண்டும் வளர்வதில்லை.

நிறைவாக

மறந்த பொத்தான்களை ஒரு வாரத்தில் கற்கலாம். கேட்காமல் விட்ட பாடல்களைச் சில மாதங்களில் கேட்டுவிடலாம். தாள உணர்வு பழகப் பழகத் திரும்பி வரும். இழந்தால் மீட்க முடியாதது செவி ஒன்றே. ஆகவே, ஒதுங்கியிருந்த ஆண்டுகளை எண்ணி வருந்தத் தேவையில்லை. அந்த ஆண்டுகள் செவியைக் காத்துத் தந்திருக்குமானால், அதுவே திரும்பி வருபவரின் முதல் மூலதனம். வேர்ஹவுஸ் கட்டடம் 2023இல் சிகாகோ நகரின் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கட்டடத்துக்குக் காட்டும் அக்கறையை, அந்த இசையைக் கேட்கும் காதுகளுக்கும் காட்டுவோம்.